‘பூனைதானே, தானா சரியாயிடும்!’ - நான் எழுதிய கட்டுரை என் வீட்டுக்கே உதவாமல் போன கதை

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை. எனக்குக் காலை 6 மணி ஷிஃப்ட், வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தவள், பட்டாணி பால்கனியில் இருக்கும் மணல் தொட்டிக்குப் போவதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். மறுபடி போனான். அன்று காலையில் அவன் எத்தனை முறை போனான் என்று இப்போது கேட்டால் என்னால் சொல்ல முடியாது. நான் எண்ணவில்லை. மழைச் செய்தி போட்டுக்கொண்டிருந்தேன்.

“வயிறு கட்டிக்கிச்சு போல. உட்கார்ந்து உட்கார்ந்து எந்திரிக்குது பாரு” என்றார் அம்மா. சாயங்காலம் ஒரு சொட்டு விளக்கெண்ணெயைப் பாலில் கலந்து வைத்தார். அவன் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். “பூனைதானே, தானா சரியாயிடும்” என்று அப்பா செய்தி பார்க்கப் போய்விட்டார்.

எங்கள் வீட்டைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பெரம்பூரில் முதல் மாடி வாடகை வீடு. அம்மா, அப்பா, நான். பட்டாணி 4 வயது ஆண் பூனை, ஆரஞ்சு நிறம், அவனாக வந்து ஒட்டிக்கொண்டவன். செல்லாயி 11 வயது, சாம்பல் நிறம், நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அட்டைப்பெட்டியில் எடுத்து வந்தவள். டெஸ்க்கில் பூனையை ‘அது’ என்றுதான் எழுதச் சொல்வார்கள். வீட்டில் அவன், அவள்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஞாயிறு காலை பட்டாணியைக் காணோம். கட்டிலுக்கு அடியில், பழைய சூட்கேஸுக்குப் பின்னால் கிடந்தான். பக்கத்தில் நுரையாக வாந்தி. கை வைத்ததும் ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், பூனை அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. பதறிப்போய் போனை எடுத்து ‘பூனை வாந்தி மணல் தொட்டி அடிக்கடி’ என்று தேடினேன்.

இரண்டாவதாக வந்து நின்றது நான் எழுதிய கட்டுரை.

எட்டு மாதங்களுக்கு முன் எழுதியது. ‘பூனை வளர்ப்போர் கவனிக்க வேண்டிய 10 விஷயங்கள்’. ஒரு மதியத்தில் முடித்த வேலை. அதில் ஏழாவது விஷயம்: ஆண் பூனை சிறுநீர் கழிக்க அடிக்கடி போய், எதுவும் வராமல் திரும்பினால் அது மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது, சிறுநீர்ப் பாதை அடைப்பாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். என் வார்த்தைகள்தான். முந்தைய நாள் முழுக்க அது என் கண் எதிரே நடந்திருக்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். எங்கள் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது நான்.

போன் போட ஆரம்பித்தேன். முதல் கிளினிக்கில் எடுக்கவில்லை. இரண்டாவதில், “இன்னிக்கு லீவு மேடம், நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க” என்றார்கள். மூன்றாவதில் டாக்டரே எடுத்தார்.

“கடைசியா யூரின் எப்போ போனான்?”

“தெரியலை டாக்டர். நேத்து காலையிலிருந்தே போயிட்டுப் போயிட்டு வர்றான்.”

“ஆண் பூனைதானே? உடனே கிளம்புங்க. குளிச்சிட்டு, டிபன் சாப்பிட்டுட்டு எல்லாம் வேணாம்.”

பூனையை வைத்துக் கொண்டுபோகும் கேரியர் எங்களிடம் இல்லை. (பின்னால் அதை வாங்கச் சொன்னபோது அம்மா, “சாப்பாடு கேரியர்லயாடி பூனையை வைப்பாங்க?” என்று கேட்டார்.) காய்கறிக் கூடையில் துண்டை விரித்து அவனை வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து, கயிற்றால் கட்டினோம். ஆட்டோவில் அந்தக் கூடையை மடியில் வைத்துக்கொண்டது அப்பா. தெருவில் பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்தி இரண்டு நிமிடம் கழித்துக் கிளம்புகிற மனிதர். வழி முழுக்க அவர் விரல் கூடையின் ஓட்டைக்குள்ளேயே இருந்தது.

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். உள்ளே சாத்துக்குடி அளவுக்கு ஏதோ ஒன்று, கல் மாதிரி இறுகியிருந்தது. “இதுதான் சிறுநீர்ப் பை. ஒரு சொட்டு வெளியே போக வழியில்ல” என்றார்.

ஆண் பூனைக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் மிகவும் குறுகியது. மணல் மாதிரிப் படிகங்களும் சளி போன்ற கழிவும் சேர்ந்து அதை அடைத்துக்கொள்ளும். அடைத்த பிறகு கழிவெல்லாம் ரத்தத்திலேயே தங்கும். பொட்டாசியம் ஏறும். அது இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். ஒன்றிரண்டு நாள்தான் அவகாசம். நாங்கள் அதில் ஒரு நாளை விளக்கெண்ணெயில் கழித்திருந்தோம்.

அம்மா தயங்கித் தயங்கி, “காய்ச்சல் மாத்திரையில பாதி குடுக்கலாம்னுகூட நெனச்சேன் டாக்டர்” என்றார். டாக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். “குடுக்கலையே?” குடுக்கவில்லை. நாம் தலைவலிக்குப் போடும் பாராசிட்டமாலைப் பிரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. ஒரு மாத்திரை போதும், உயிர் போய்விடும். எனக்கு இது தெரியும். அதுவும் அந்தப் பத்து விஷயங்களில் இருந்தது. ஆனால் அம்மாவிடம் சொன்னதில்லை. அம்மா என் கட்டுரைகளைப் படிப்பதில்லை, ஃபேமிலி குரூப்பில் பகிர மட்டும் செய்வார்.

மயக்கம் கொடுத்து, குழாய் போட்டு, அடைப்பை எடுத்தார்கள். முதலில் வந்தது சிறுநீர் நிறத்திலேயே இல்லை, பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் போல இருந்தது. மூன்று நாள் டிரிப்ஸ். பில் 16,400 ரூபாய். என் சம்பளத்தில் மாதக் கடைசிக்கு மிஞ்சியிருந்தது 3,000. மீதியை அம்மா சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தார். அந்தச் சீட்டு எதற்குப் போட்டது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பார்க்கப் போனபோதுதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். “இதுக்கு முன்னாடி இவனை எப்போ டாக்டர்கிட்ட காட்டினீங்க?”

“கருத்தடை ஆபரேஷனுக்கு.”

“அது எப்போ?”

“மூணு வருஷம் இருக்கும்.”

“பூனைக்கு ரெண்டு வயசு ஆனா மனுஷனுக்கு 24. அதுக்கப்புறம் நம்ம ஒரு வருஷம் அதுக்கு நாலு வருஷம். அப்போ இவன் டாக்டரைப் பார்த்து 12 வருஷத்துக்கு மேலயே ஆச்சு.”

திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவர் கணக்குதான் போட்டார்.

“வருஷா வருஷம் வந்திருந்தா இது வந்தே இருக்காதா?” என்று கேட்டேன். “அப்படிச் சொல்ல மாட்டேன்” என்றார். “ஆனா எடை பார்த்திருப்பேன். 6 கிலோ 300 கிராம் இருக்கான், இவன் உடம்புக்கு இது ஜாஸ்தி. என்ன தீனின்னு கேட்டிருப்பேன். நீங்க காய்ஞ்ச தீனி மட்டும்தான்னு சொல்லியிருப்பீங்க. பூனை பாலைவனத்துலேர்ந்து வந்த ஜாதி, தாகம் கம்மி. காய்ஞ்சதையே தின்னா தண்ணி பத்தாது. ஆண் பூனை, குண்டு, வீட்டுக்குள்ளயே இருக்கான், தண்ணி குறைவு. இப்படி இருந்தா மணல் தொட்டியைக் கவனிங்கன்னு உங்ககிட்ட சொல்லி அனுப்பியிருப்பேன். நீங்க சனிக்கிழமையே வந்திருப்பீங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

பூனையை எப்போது டாக்டரிடம் காட்டுவது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலானோர் சொல்வது, ‘உடம்புக்கு முடியாதபோது’. நாய் வளர்ப்பவர்கள் கொஞ்சம் மாறிவிட்டார்கள், தடுப்பூசி அட்டையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பூனைக்கு அது கிடையாது. ஆயா வீட்டில், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில், எப்போதும் நாலைந்து பூனை இருக்கும். எதுவும் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததில்லை. ஒரு நாள் ஒன்றைக் காணாமல் போகும். “பூனை வூட்ல சாவாதுடி. நம்ம கண்ணுக்குத் தெரியாத எடத்துக்குப் போயிடும்” என்பார் ஆயா. சின்ன வயதில் அது ஏதோ பெரிய ரோஷம் என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் புரிகிறது. உடம்புக்கு முடியாத பூனை ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான். அது வேட்டையாடும் பிராணி மட்டுமில்லை, தன்னைவிடப் பெரியதற்கு இரையும்கூட. வலியைக் காட்டினால் ஆபத்து என்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. பட்டாணி சூட்கேஸுக்குப் பின்னால் போனதும் அப்படித்தான்.

அப்படியானால் ‘முடியாதபோது கூட்டிப் போகலாம்’ என்பது எப்படி வேலை செய்யும்? நமக்குத் தெரிகிறபோது அது ரொம்ப தூரம் போயிருக்கும். முகத்தைப் பார்த்துப் போகக் கூடாது, காலண்டரைப் பார்த்துப் போக வேண்டும் என்றார் டாக்டர். அமெரிக்காவின் பூனை மருத்துவர்கள் சங்கமும் விலங்கு மருத்துவமனைகள் சங்கமும் சேர்ந்து 2021-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கின்றன. இந்த முறை அதை உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். எந்த வயதுப் பூனையாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது பரிசோதனை. 10 வயதைத் தாண்டிவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஏற்கெனவே நோய் இருந்தால் டாக்டர் சொல்கிற இடைவெளி.

குட்டி என்றால் கணக்கு வேறு. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி. நடுவில் பூச்சி மருந்து. ஐந்தாறு மாதத்தில் கருத்தடை பற்றிப் பேச ஆரம்பிக்கலாம். இதில் எல்லாரும் ஒழுங்காகத்தான் இருக்கிறோம், குட்டி அழகாக இருக்கிறதே! கருத்தடை முடிந்ததும் கடை மூடிவிடுகிறோம். ரேபிஸ் ஊசியை இங்கே வருடா வருடம் போடச் சொல்கிறார்கள். சென்னை மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் வாங்கவும் அந்தச் சான்று வேண்டும். மற்ற ஊசிகள் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதை உங்கள் பூனை வெளியே போகிறதா, வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டுவிட்டு டாக்டர் சொல்வார். ஊசி இல்லாத வருடத்திலும் போக வேண்டும் என்பதுதான் நான் புதிதாகத் தெரிந்துகொண்டது. எடை, பல், வயிறு, இதயத் துடிப்பு. பத்து நிமிட வேலை.

சரி, மறுபடி வீட்டுக்கு வருகிறேன். பட்டாணியைக் கூட்டி வந்த அன்று செல்லாயி அவனைப் பார்த்துச் சீறினாள். மூன்று வருடம் ஒரே தலையணையில் தூங்கியவர்கள். ஆஸ்பத்திரி வாசனை ஒட்டிக்கொண்டதால் அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லையாம். இரண்டு நாள் தனி அறையில் வைத்து, ஒரே துண்டால் இருவரையும் துடைத்துவிட்டு, பிறகுதான் சேர்த்தோம்.

“அந்தப் பெரியவளையும் ஒருமுறை கூட்டிட்டு வாங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு இஷ்டமில்லை. “நல்லா இருக்கிறதை எதுக்குத் தூக்கிட்டுப் போயி ஊசி குத்தணும்? இருக்கிற செலவு பத்தாதா?” அம்மாவும், “அவ சமத்து. சாப்பிடறா, தூங்கறா. தண்ணி எவ்ளோ குடிக்கிறா தெரியுமா, பாத்ரூம் பக்கெட்லகூட நின்னு குடிப்பா. பட்டாணி மாதிரி இல்ல” என்றார். நானும் கொஞ்சம் தள்ளிப்போட்டேன். பயம்தான். சம்பளம் வந்த வாரம் கூட்டிக்கொண்டு போனேன்.

செல்லாயியின் பழைய அட்டை ஒன்று பீரோவில் கிடைத்தது. கடைசித் தேதி 2019. எடை 3.9 கிலோ. டாக்டரின் மேஜையில் அவள் எடை 2.9.

ஒரு கிலோ என்பது நமக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு அது உடம்பில் கால் பங்கு. தினமும் மடியில் தூக்கி வைத்திருந்தும் எங்களுக்குத் தெரியவில்லை. ‘வயசாகுது, ஒல்லியாயிட்டா’ என்று பேசிக்கொண்டிருந்தோம்.

“தண்ணி நிறைய குடிக்கிறாளா?” என்று டாக்டர் கேட்டார். அம்மா பெருமையாக ஆமாம் என்று ஆரம்பித்து, டாக்டர் முகத்தைப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம். வயதான பூனைகளுக்கு மிகச் சாதாரணமாக வருகிற நோய். சிறுநீரகத்தில் மூன்றில் இரண்டு பங்கு செயல்படாமல் போன பிறகுதான் தாகம், அதிகமாகச் சிறுநீர் போவது, எடை குறைவது எல்லாம் வெளியே தெரியும். அதற்கு முன்பே பரிசோதனையில் கண்டுபிடித்தால் தீனியை மாற்றி, ரத்த அழுத்தத்தைப் பார்த்து, பல வருடங்கள் நன்றாக வைத்திருக்கலாம். எங்களுக்கும் வழி இருக்கிறது. ஆனால் தாமதமான வழி. கத்திய பட்டாணி பிழைத்துக்கொண்டான். சமத்து என்று பேர் வாங்கியவளைத்தான் நாங்கள் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். இன்னும் எவ்வளவு காலம் என்று டாக்டரிடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது பணக்காரர் கட்டுரையாகிவிடும். நான் போகும் கிளினிக்கில் சும்மா காட்டிவிட்டு வருவதற்கு 400 ரூபாய். செல்லாயிக்கு ரத்தப் பரிசோதனையோடு 2,000-ஐ நெருங்கியது. பட்டாணிக்கு மூன்று வருடமும் ஒழுங்காகப் போயிருந்தால் ஆகியிருக்கக்கூடிய பணத்தை அந்த 16,400-க்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்தார் அப்பா. பிறகு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். அந்தத் தொகையும் முடியாதவர்களுக்கு அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னையில் வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. அதன் மருத்துவமனைக்கு மாடு, நாய், பூனை, கிளி என்று எல்லாம் வருகின்றன. நேரம் எடுத்துக்கொண்டு போக வேண்டும், கூட்டம் இருக்கும்.

உண்மையில் பலரும் போகாததற்குக் காரணம் பணம் மட்டுமில்லை. பூனையைக் கிளப்புவது பெரிய யுத்தம். கேரியரைப் பார்த்ததும் அலமாரி மேல் ஏறிவிடும். அதை வருடத்தில் ஒரு நாள் மட்டும் பரணிலிருந்து இறக்கினால் அப்படித்தான். எங்கள் கேரியர் இப்போது ஹாலிலேயே கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே அம்மாவின் பழைய காட்டன் சேலை. செல்லாயி மத்தியானத் தூக்கத்தை அதில்தான் போடுகிறாள். போகும்போது மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுகிறோம். கிளினிக்கில் தரையில் வைப்பதில்லை, நாய்கள் மூக்கை நீட்டும். மடியிலோ நாற்காலியிலோதான். கத்தத்தான் செய்கிறார்கள், ஆனால் முன்பு போலில்லை.

காலண்டருக்குக் காத்திருக்கக் கூடாத சமயங்கள் உண்டு. மணல் தொட்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால், சிறுநீரில் ரத்தம் வந்தால், நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால், அன்றைக்கே கிளம்புங்கள். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரல் கெட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை யார் திறந்திருப்பார்கள் என்பதை ஏதாவது ஒரு புதன்கிழமை விசாரித்து நம்பரைப் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் அழுதுகொண்டே மூன்று இடத்துக்கு போன் செய்தேன்.

டெஸ்க்கில் அனுமதி வாங்கி அந்தப் பழைய கட்டுரையைத் திருத்தினேன். ஏழாவது விஷயத்தை முதலாவதாக ஏற்றி, ‘மலச்சிக்கல் போலத் தெரியும்’ என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டேன். “பழைய ஸ்டோரியை எதுக்கும்மா இப்போ தொடறே?” என்று ஆசிரியர் கேட்டார். சொன்னேன். அவர் வீட்டிலும் ஒரு பூனை இருக்கிறது, 9 வயது. கடைசியாக எப்போது காட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பட்டாணி இப்போது 5 கிலோ 600. ஈரத் தீனி, மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம். செல்லாயிக்குச் சிறுநீரகத்துக்கான தனித் தீனி, அதைத் தொட மாட்டேன் என்று அவள் செய்த சத்தியாகிரகம் தனிக் கதை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர். நடுவில், மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பா எடை மெஷினை ஹாலுக்கு நடுவில் கொண்டு வந்து வைக்கிறார். முதலில் அவர் மட்டும் ஏறுகிறார். பிறகு செல்லாயியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார். கழித்து வருவதை தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதுகிறார். ‘செ. 2.9’. ‘செ. 2.9’. இந்த மாதம் ‘செ. 3.0’ என்று எழுதிவிட்டு, அந்தத் தாளை மட்டும் கிழிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் எடை எவ்வளவு என்று அம்மா கேட்டார். அதைச் சொல்லவில்லை.